சுருதி இறங்கும் வீடு

போளூரில் நடந்த அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் சர்ச் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே எல்லாரும் எழுந்து நின்று, கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா கோட்டுப் போட்ட கையை மடக்கி நீட்டியபடி தயாராக இருந்தார். நான் என் எலெக்ட்ரிக் கிட்டாரில் பாட்டின் தொடக்கத்தை வாசித்தேன். பெண் அசையவில்லை. இன்னொரு முறை வாசித்தேன். அப்போதும் அசையவில்லை.

பீடத்துக்கு முன்னால் நின்றிருந்த மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. பெண் மனசு மாறிவிட்டாள் என்றே நினைத்திருப்பான், பாவம். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் தோழிப்பெண் ஒருத்தி ஓரமாக ஓடி வந்து எங்கள் பாடகர் குழுவிடம் குனிந்தாள்.

"சுருதி சேத்து முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க. அக்கா உள்ள வரட்டுமான்னு கேக்கறாங்க."

நாங்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கவில்லை. பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் குழுவின் தலைவர் ஜெயசீலன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை, அந்தப் பார்வையில் அலுப்புதான் இருந்தது. தன் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினார். அதிலிருந்து கிட்டார் சத்தம் வந்தது. என் கிட்டாரைவிட நல்ல கிட்டார் சத்தம். மணப்பெண் நடக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது, எனக்குப் போனது.

திரும்பி வரும்போது வேனில் அண்ணன் முன் சீட்டிலிருந்து பேசினார். என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிக்கு வெளியே கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டீச்சர், அறுப்பின் பண்டிக வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கும் இந்தப் பேஜார் நடந்திச்சின்னா, கிட்டார நான் கீபோர்டுலயே போட்டுக்கறேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

"இல்லண்ணா" என்றேன். உள்ளுக்குள் நிறையவே தப்பாக நினைத்துக்கொண்டேன்.

கணக்கு டீச்சருக்கு ஒரு கைப்பிடி

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெயர் எஸ்தர். சாயங்காலம் வீட்டு முன்னறையில் டியூஷன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார். வீட்டுக்காரர் தானியேல், பட்டுத்தறி நெய்கிறவர். வீட்டின் நடு அறை முழுக்க அவருடைய தறிதான். மிச்சம் இருக்கிற இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், ஆனால் அதுதான் உண்மை.

போன வாரம் டியூஷன் பிள்ளைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் அடிப்பீர்களா டீச்சர்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அடிக்க மாட்டேன். முறைப்பேன். என் முறைப்புக்கு இந்த ஊரில் நல்ல பெயர் உண்டு.

முதலில் என்னிடம் ஒரு மரக் கிட்டார் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது சமீபத்தில்தான். சென்னையில் ஒரு பையன் கனடாவுக்குப் போகிற அவசரத்தில் விற்றான். நீல நிறம். பளபளவென்று இருந்தது. ஆனால் நான் விழுந்தது நிறத்துக்கு இல்லை, அதில் இருந்த கைப்பிடிக்கு.

கம்பிகள் வந்து சேருகிற இரும்புத் தகட்டில் மெல்லிசாக ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். வாசித்துக்கொண்டே அதை லேசாக அழுத்தினால் கம்பிகள் எல்லாம் ஒன்றாகத் தளர்ந்து ஸ்வரம் கீழே வழுக்கிக்கொண்டு போகும். விட்டால் பழைய இடத்துக்கு ஏறி வரும். மனிதக் குரல் தழுதழுத்து மறுபடி தேறுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசை. எங்கள் சர்ச்சில், எங்கள் ஜனங்கள் முன்னால், ஒரு பாட்டில், ஒரே ஒரு இடத்தில் அந்தக் கைப்பிடியை அழுத்த வேண்டும்.

அந்த ஆசைக்குத்தான் இத்தனை பாடு.

கூட்டுக் குடும்பம்

மற்ற கிட்டார்களில் அந்த இரும்புத் தகடு அசையாது. என்னுடையதில் அது மிதக்கும். முன்பக்கம் ஆறு கம்பிகள் அதைத் தலைப்பக்கமாக இழுக்கின்றன. முதுகுப்பக்கம் ஒரு குழிக்குள் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கமாக இழுக்கின்றன. இரண்டு இழுப்பும் சமமாக இருக்கும்வரை தகடு நடுவில் அமைதியாக நிற்கும்.

சமம் கெட்டால் கதை கந்தல். ஒரு கம்பி இறங்கிவிட்டதே என்று அதை மட்டும் முறுக்கினால், தகடு முன்னால் சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கிவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகளுக்கு மட்டும் புடவை எடுத்துக் கொடுத்த மாதிரி. சரி என்று இரண்டாவதைச் சமாதானம் செய்தால் முதலாவது முகத்தைத் தூக்கிக்கொள்ளும். ஆறையும் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாரையும் ஒரு நிலைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். மரக் கிட்டாருக்கு ரெண்டே நிமிஷம் போதும்.

போளூரில் நடந்தது இதுதான். முதல் நாள் சாயங்காலம் பொறுமையாக உட்கார்ந்து சுருதி சேர்த்து வைத்திருந்தேன். சர்ச்சில் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆறும் இறங்கிக் கிடந்தன. பெண்ணின் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. அவசரத்தில் மூன்று கம்பிகளை ஏற்றினேன், மற்ற மூன்றும் பாதாளத்துக்குப் போயின.

அது ஒரு நாள் கூத்து என்றால் பரவாயில்லை. தினமும் நடந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சுருதி சேர்த்து, கொஞ்சம் வாசித்து, தறி இருக்கிற அறையில் ஆணியில் மாட்டிவிட்டு டியூஷனுக்குப் போவேன். மறுநாள் எடுத்தால் இறங்கியிருக்கும். அதுவும் ஒழுங்காக இறங்காது. ஒன்று நிறைய, ஒன்று கொஞ்சம். கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு ஒழுங்கில்லாத தப்பைக் கண்டால் ரொம்பவே எரிச்சல் வரும்.

வைத்தியங்கள்

நோய் வந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் டாக்டர்தானே. கிட்டாருக்கும் அப்படித்தான்.

யூடியூபில் ஒரு தாடிக்காரர் கம்பி போகிற பள்ளங்களில் பென்சிலைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். டியூஷன் பிள்ளைகளின் பென்சில்கள் கரைந்தன, சுருதி நிற்கவில்லை. இன்னொருவர் வாஸ்லின் என்றார். அதையும் தடவினேன். விரல் வழுக்கியதுதான் மிச்சம்.

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பால்ராஜ் ஒரு பவர்லூமில் வேலை பார்க்கிறான். சாதுவான பையன். அவன் வீட்டுக்கே வந்து, தானியேல் காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற தறிக்குழியை எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்.

"அக்கா, ஈரம் தான். குழியில ஈரம் வந்துகினே கீது. மரம் ஊதும், சுருங்கும். அதான்."

கேட்க நியாயமாக இருந்தது. உப்பு டப்பாவில் அரிசி போட்டு வைக்கிறோமே, அது மாதிரி கிட்டார் பெட்டிக்குள் துணிப் பையில் அரிசி கட்டி வைத்து, ஆணியில் மாட்டாமல் பெட்டியிலேயே வைத்தேன், பூட்டு மட்டும் போடவில்லை. சுருதி அப்போதும் இறங்கியது. நல்ல ஆரணிப் பொன்னி. ஒரு வாரம் கழித்து அதை வீணாக்க மனசில்லாமல் சோறாக்கினேன். சோற்றில் இரும்பு வாசனையும் வாஸ்லின் வாசனையும் அடித்தது. தானியேல் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். ரசம் மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த விஷயத்தில் என் கூடவே அலைந்த ஒரே ஆள் அவர்தான். தறியை அரை நாள் நிறுத்திவிட்டு, டூவீலரில் என்னையும் கிட்டாரையும் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போனார். அங்கே ஒரு கடைக்காரர் கிட்டாரின் முதுகைத் திறந்து, மூன்று ஸ்பிரிங்கை ஐந்தாக்கினார். தானியேல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கேட்கிற மாதிரிக் கவலையாக ஒவ்வொன்றாய்க் கேட்டார்.

"ஸ்பிரிங்கு எத்தினி வருசம் தாங்கும்? துரு புடிக்குமா? ஏங்க, உள்ள கீற ஒயர்ல ஏதனா கோளாறு கீதா?"

கடைக்காரர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "வீட்டுல யாராச்சும் தொடறாங்களா?" என்று ஒரு கேள்வி மட்டும் எங்களைக் கேட்டார். எங்கள் வீட்டில் குழந்தைகள் இல்லை, அதைக் குத்திக்காட்டுகிற மாதிரி இருந்ததால் எனக்குச் சின்னதாகக் கோபம் வந்தது. "யாரும் தொட மாட்டாங்க" என்றேன் வெடுக்கென்று. தானியேலும் பலமாகத் தலையாட்டினார்.

ஐந்து ஸ்பிரிங் வந்த பிறகு கைப்பிடி பஸ் கியர் மாதிரி இறுகிப் போனது. சுருதி மட்டும் பழையபடி இறங்கியது. மூன்றையே மறுபடி மாட்டிக்கொண்டேன்.

தகட்டுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டால் அது அசையவே அசையாது, பிரச்சினை பாதி தீரும் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அப்புறம் கைப்பிடி வெறும் அலங்காரம்தான். கைப்பிடிக்காக வாங்கிய கிட்டாரில் கைப்பிடியைச் சாகடிப்பதா? ரோஷம் வந்துவிட்டது எனக்கு.

கத்தரிக்கோல் எடுக்கப் போன இடத்தில்

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. எங்கள் சர்ச்சில் அந்தப் பண்டிகை கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடி. நெல், பூசணிக்காய், வாழைத்தார், கோழி, ஆடு என்று ஆளாளுக்கு விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு எல்லாம் ஏலம். நெசவாளிகளுக்கு வயல் இல்லையே, அவர்கள் துண்டும் வேட்டியும் கொண்டுவருவார்கள்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு குழுவின் சிறப்புப் பாட்டு. அதன் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. கைப்பிடி அங்கேதான். அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு என்று அண்ணனும் சொல்லியாயிற்று. மதியம் முழுக்க உட்கார்ந்து ஆறு கம்பிகளையும் கெஞ்சிக் கொஞ்சி ஒரு நிலையில் நிறுத்தினேன். ஆணியில் மாட்டிவிட்டு, பந்தல் அலங்காரத்துக்காகச் சர்ச்சுக்குப் போனேன்.

கலர் பேப்பர் வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. எடுக்கலாம் என்று வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வெளிச்சம் போகவில்லை. தானியேல் அன்றைய வேலையை முடித்துக்கொண்டிருந்தார்.

தறி நிறுத்துவதில் ஒரு முறை இருக்கிறது. நெய்யும்போது பாவு இழைகள் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும். வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகமாட்டார்கள். இழுத்துப் பிடிக்கிற கட்டையை எடுத்து இழைகளைத் தளர்த்திவிடுவார்கள். காலையில் வந்து மறுபடி இழுத்துக்கொள்வார்கள். ராத்திரி முழுக்க விறைப்பாகக் கிடந்தால் பட்டு களைத்துப்போகும் என்பார் தானியேல். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாள் தவறியதில்லை.

அன்றும் பாவைத் தளர்த்தினார். தறிக்குழியிலிருந்து எழுந்தார். கையைத் துண்டில் துடைத்தார். நேராக என் கிட்டாரிடம் போனார்.

ஆணியிலிருந்து அதைப் பக்குவமாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, தலைப்பக்கத்துத் திருகுகளை ஒவ்வொன்றாக, இந்தக் கம்பிக்கு இவ்வளவு, அந்தக் கம்பிக்கு அவ்வளவு என்று கைப்பதத்தில் தளர்த்தினார். தடித்த கம்பிக்குக் கொஞ்சம் தாராளமாகவே தளர்த்தினார். நீலப் பலகையைத் துண்டால் ஒரு தடவு தடவிவிட்டுத் திரும்ப மாட்டினார்.

நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியவர் என்னைப் பார்த்து மலர்ச்சியாகக் கேட்டார்.

"வந்துட்டியா? டீ போடட்டா?"

"இன்னாங்க பண்ணீங்க இப்ப?"

"தறிய நிறுத்தனேன்."

"அதுக்கப்புறம்!"

அவர் கிட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதையா? இழைய தளத்தி வெச்சேன்."

"தெனமும் பண்றீங்களா?"

"தெனமும் தான். பின்ன, வெறப்பாவே வுட்டுட்டு போறதா?"

பென்சில், வாஸ்லின், அரிசி, ஐந்து ஸ்பிரிங், போளூர் மாப்பிள்ளையின் வியர்வை எல்லாம் கண் முன்னால் வந்து போயின. சத்தம் போட்டேன். தெருக்கோடிவரைக்கும் கேட்டிருக்கும்.

"இத்தினி நாளா சுருதி இறங்குது இறங்குதுன்னு தலையால அடிச்சிகினேனே! வேலூருக்கு நீங்க தானே இட்டுகினு போனீங்க! யாருனா தொடறாங்களான்னு அந்த ஆளு கேட்டப்போ தலைய ஆட்டினீங்களே!"

"யாருனா தொடறாங்களான்னு தான் கேட்டாரு. நான் வீட்டு ஆளு." அவர் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். "நீ சுருதி கெட்டுப்போச்சின்னு சொன்ன. நான் உள்ள ஒயரு போச்சின்னு நெனச்சிகினேன். மறுநா நீ எப்படியும் இழுத்துக்குவ இல்ல? தெனம் செல்போன வெச்சிகினு சுருதி பாத்து முறுக்கறியே, அது அதுக்கு தானே?"

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"வாசக்கதவ சாத்துறத எல்லாம் உங்கிட்ட சொல்லிகினா கீறேன்?"

"மரக் கிட்டாரு?"

"அதுவும் தான். கல்யாணம் ஆனதிலேந்து."

நான் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். கிட்டாரைக் கையில் எடுத்தால் முதலில் சுருதி சேர்க்க வேண்டும், அது இயற்கை, பல் தேய்ப்பது மாதிரி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மரக் கிட்டாருக்கு ரெண்டு நிமிஷ வேலைதான் என்பதால் யோசித்ததே இல்லை. மிதக்கிற தகடு வந்த பிறகுதான் அவருடைய அன்பு என் தலையில் விடிந்திருக்கிறது.

அன்பு என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்குச் சொன்ன வார்த்தைகள் வேறு. வாரப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

முடிவில் அவர் தறியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். "இனிமே உன் கிட்டார தொட மாட்டேன். போதுமா?" போதும் என்று நான் மறுபடி ஆறு கம்பிகளோடு உட்கார்ந்தேன். கலர் பேப்பர் வேறு யாரோ கிழித்தே ஒட்டினார்களாம்.

ஆட்டுக்குக் காவல்

ஞாயிறு காலை சர்ச்சில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு கம்பிகூட அசையாமல் அப்படியே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலை ஆராதனையில் நாலு பாட்டு வாசித்தோம். இரண்டாவது பாட்டிலேயே ஜெயசீலன் அண்ணன் திரும்பிப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, "பேஷ்" என்று உதட்டை அசைத்தார்.

மதியச் சிறப்புப் பாட்டுக்கு மேடை வெளியே பந்தலில், வாத்தியங்களை அங்கே கொண்டுபோய் வைத்தோம். நான் வீட்டுச் சங்கதி எதையும் அண்ணனிடம் சொல்லவில்லை. "ஸ்பிரிங்கு சரியாயிடுச்சிண்ணா" என்றேன். புருஷனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

சாப்பாட்டுக்கு இரண்டாம் பந்தி மணி அடித்தது. ஏலத்துக்கு வந்த ஆடு ஒன்று மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது. அது ஏற்கனவே பால்ராஜின் பாட்டுப் பேப்பரைப் பாதி தின்றிருந்தது. வாத்தியங்களுக்கு யாராவது காவல் இருக்க வேண்டுமே என்று அண்ணன் கவலைப்பட்டார். தானியேல் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டார்.

"நீங்க கொஞ்சம் இங்க உக்காருங்க" என்று நான்தான் சொன்னேன். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஞாபகம் கீதா?" என்றேன்.

"உன் கிட்டார தொட மாட்டேன்" என்றார் கையை உயர்த்தி.

பிரியாணியை நிம்மதியாகச் சாப்பிட்டேன். திரும்பி வந்து முதல் வேலையாக என் ஆறு கம்பிகளையும் தட்டிப் பார்த்தேன். அச்சாக இருந்தன. தானியேல் முன் வரிசை நாற்காலிக்குப் போய், ஐஸ்கிரீம் கப்போடு உட்கார்ந்தார். நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

சிறப்புப் பாட்டை அறிவித்தார்கள். அண்ணன் கையைக் காட்டினார். நான் தொடங்கினேன். பால்ராஜ் சேர்ந்தான்.

பந்தலே குலுங்குகிற மாதிரி ஒரு அபஸ்வரம். ஆடு கத்தியது. அண்ணன் சட்டென்று கையை உயர்த்திப் பாட்டை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்.

"மறுபடியுமா டீச்சர்?"

"நான் இல்லண்ணா."

எல்லார் கண்ணும் பால்ராஜ் மேல் போயிற்று. அவன் தன் பேஸ் கிட்டாரைக் குனிந்து பார்த்தான். நாலு தடிக் கம்பிகளும் தொளதொளவென்று கிடந்தன. "இல்லண்ணா, காத்தால சரியா தான் இருந்திச்சி, இன்னாமோ தெரியல, ஈரமோ இன்னாமோ" என்று உளறினான். அவன் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. போளூரில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"பேஸும் கீபோர்டுல நல்லா தான் வருது" என்றார் அண்ணன் வறட்சியாக.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் இடம் பத்திரம். முன் வரிசையில் தானியேல் ஐஸ்கிரீம் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். பால்ராஜின் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னால் முடியவில்லை.

மைக் முன்னால் போய் நின்றேன். "பால்ராஜ் மேல தப்பில்லண்ணா. எங்க வீட்டுக்காரர் தளத்தி வெச்சிருக்காரு. போளூர்லயும் அவரு தான்."

தானியேல் எழுந்து நின்றார்.

"உன்னுத தொடல" என்றார் என்னைப் பார்த்து. பிறகு எல்லாருக்கும் பொதுவாக, "நீங்க எல்லாம் சோத்துக்கு போய்ட்டீங்க. பால்ராஜ் தம்பியோடது வெறப்பா கெடந்திச்சி. பாக்க கஷ்டமா இருந்திச்சி, அதான்."

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் தறிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு அம்மாளின் குரல் வந்தது.

"அதுல இன்னாங்க தப்பு கீது? இழைய வெறப்பா வுட்டுட்டு எவனாச்சும் சோத்துக்கு போவானா?"

"அதானே!" என்று இன்னும் நாலு பேர். "வேல முடிஞ்சா தளத்தணும். அவரு சரியா தான் செஞ்சிகீறாரு."

"இது தறி இல்லீங்க, பேஸ் கிட்டாரு!" என்று அண்ணன் மைக்கில் கத்தினார்.

"எதுவா இருந்தா இன்னா, இழை இழை தானே?"

எங்கள் சபையில் பாதிப் பேர் தறிக்காரர்கள். அதுவரை பாடகர் குழுவை எதிர்த்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு வாத்தியங்களை இப்படி அலட்சியமாக வைத்திருக்கலாமா என்று அண்ணனையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். அண்ணன் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவர், எத்தனையோ கூட்டத்தைச் சமாளித்தவர். இவர்களிடம் முடியாமல் போதகரைப் பார்த்தார். போதகர், "ஜெபிப்போம்" என்று எழுந்து, ரொம்ப நீளமாக ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் பால்ராஜ் கீழே உட்கார்ந்து, நாலு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டான்.

ஆமென் சொன்னதும் பாட்டைத் தொடங்கினோம்.

நடுவில் என் இடம் வந்தது. தனியாக வாசித்தேன். கடைசி ஸ்வரத்தில் நிறுத்தி, எத்தனையோ மாதமாகக் காத்திருந்த அந்தக் கைப்பிடியை மெல்ல அழுத்தினேன். ஆறு கம்பிகளும் ஒன்றாகத் தளர்ந்தன. ஸ்வரம் பந்தலுக்குள் அப்படியே வழுக்கிக் கீழே இறங்கியது.

"அப்பாடா!"

முன் வரிசையிலிருந்து, தானியேலின் குரல். முகம் முழுக்க நிம்மதி. அவருக்குப் பின்னால் தறிக்காரர்கள் பக்கமிருந்தும் ஏழெட்டு மூச்சுகள் சேர்ந்து இறங்கின.

கைப்பிடியை விட்டேன். ஆறும் புறப்பட்ட இடத்துக்கே, ஒரு மயிரிழை பிசகாமல், ஏறி வந்து நின்றன. ஜெயசீலன் அண்ணன் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். அதைவிடச் சந்தோஷமான நிமிஷம் என் வாழ்க்கையில் நிறைய இல்லை.

பாட்டு முடிந்து இறங்கியதும் தானியேல் ஓடி வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கிட்டாரைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அந்தக் கைப்பிடியையே உற்றுப் பார்த்தார்.

"தளத்தறதுக்குன்னே ஒரு கைப்புடி வெச்சிகீறான் பாரு, இத்த செஞ்சவன்" என்றார். "இத்தினி நாளா என்ன போய் திட்டிகினு இருந்தியே."